'சும்மா': வங்காளத்து அக்காவுக்கு எப்படிச் சொல்லிப் புரியவைப்பது?

#1 காந்தி ரோடு கவுண்ட்டர்

எல்லோருக்கும் வணக்கம். வேலூரில் ஒரு லாட்ஜில் ரிசப்ஷன் பார்க்கிறேன். சி.எம்.சி. ஆஸ்பத்திரிக்கு நடந்தே போய்விடலாம், அவ்வளவு பக்கம். எங்களிடம் தங்குபவர்களில் பெரும்பாலோர் வங்காளம், ஜார்க்கண்ட், அசாம்காரர்கள். காட்பாடியில் ரயிலை விட்டு இறங்கி நேரே இங்கே வருவார்கள். ஒரு வாரம் என்று சொல்லி அறை எடுப்பார்கள், மூன்று மாதம் ஆகிவிடும்.

இரண்டாம் மாடியில் மேதினிப்பூர் பக்கத்து அக்கா ஒருவர் இருக்கிறார். மகனுக்கு வைத்தியம், நாலு மாதம் ஓடிவிட்டது. அறையிலேயே சமைத்து டிபன் கேரியரில் வார்டுக்குக் கொண்டுபோகிறார். இதற்கு நடுவில் தமிழ் கற்றுக்கொள்கிறார். ஒரு நோட்டு வைத்திருக்கிறார். இடது பக்கம் வங்க எழுத்தில் தமிழ்ச் சொல், வலது பக்கம் அதன் பொருள். தண்ணி, எவ்ளோ, ரத்தம், நாளைக்கு வாங்க, சில்லறை இல்ல. இப்படியே பக்கம் பக்கமாகப் போகிறது.

நேற்று ராத்திரி அந்த நோட்டோடு கீழே வந்தார். ஒரு முழுப் பக்கத்தை 'சும்மா' என்ற சொல்லுக்கே விட்டிருந்தார். வலது பக்கம் ஏழெட்டுப் பொருள் எழுதி எல்லாவற்றையும் அடித்திருந்தார். மார்க்கெட்டில் கத்தரிக்காய் அம்மா "சும்மாவா தராங்க?" என்கிறார். வார்டு ஆயா குழந்தையிடம் "சும்மா இரு" என்கிறார். வாசலில் செக்யூரிட்டி "சும்மா சும்மா உள்ள போகக்கூடாது" என்கிறார். நான் போனில் "சும்மா சொன்னேன்டா" என்று சிரிக்கிறேன். "எல்லாம் ஒரே வார்த்தையா தம்பி?" என்று கேட்டார்.

அவர்கள் மொழியில் 'ஏம்னி' என்று ஒன்று உண்டு. அதைச் சொல்லிப் பார்த்தேன். "சும்மா வந்தேன்" என்பதற்குச் சரியாக உட்கார்ந்தது. "சும்மா இரு" என்பதற்கு உட்காரவில்லை, அதற்கு 'சுப்' வேண்டும். ஒரே வரியில் சொல்ல முடிகிற பொருள் ஏதாவது இருக்கிறதா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

#2 சத்துவாச்சாரி வாசகர்

ஒரு வரி கிடைக்குமா என்று தெரியவில்லை தம்பி, ஒரு இடத்தைக் காட்டலாம். அந்த அம்மாவைக் கோட்டைக்குள் ஜலகண்டேசுவரர் கோயிலுக்குக் கூட்டிப்போங்கள். நானூறு வருஷத்துக்குப் பக்கமாக அந்தக் கோயிலில் மூலவர் இல்லை. 1981 மார்ச்சில்தான் எங்கள் சத்துவாச்சாரியிலிருந்து லிங்கத்தைக் கொண்டுபோய் வைத்தார்கள். கோபுரம் இருந்தது, யாளித் தூண் போட்ட கல்யாண மண்டபம் இருந்தது, பார்க்க ஆட்களும் வந்துகொண்டுதான் இருந்தார்கள். ஆனாலும் என் பாட்டி "கோயிலு சும்மா கிடக்குது" என்றுதான் சொல்வார். காலி என்று ஒருநாளும் சொன்னதில்லை. காலி என்றால் எடுத்துப்போன பிறகு மிஞ்சுவது. சும்மா என்றால் வரவேண்டியது இன்னும் வரவில்லை என்று அர்த்தம்.

'ராஜா இல்லாத கோட்டை, சாமி இல்லாத கோயில், தண்ணி இல்லாத ஆறு' என்று நம் ஊரைச் சொல்வார்களே, அந்த மூன்றையும் பாட்டி 'சும்மா' என்ற ஒரே சொல்லில் முடித்துவிடுவார். பாலாறு வறண்டு மணலாகக் கிடக்கும்போதும் "ஆறு சும்மா கிடக்குது". 2021 நவம்பரில் இரண்டு கரையும் தொட்டுக்கொண்டு தண்ணீர் போனபோது பார்க்க அவர் உயிரோடு இல்லை. பாலத்து ஓரத்தில் நின்றிருந்த கூட்டத்தில் அவரைத்தான் நினைத்துக்கொண்டேன்.

#3 பழைய கரும்பலகை

முப்பது வருஷம் தமிழ் சொல்லிக்கொடுத்தவன் என்ற முறையில் சொல்கிறேன். அகராதிகள் இதற்குத் தொழிலின்றி, காரணமின்றி, பேசாமல், இலவசமாக, அடிக்கடி, விளையாட்டாக என்று வரிசையாகப் பொருள் தருகின்றன. வெளியூர் அம்மாவுக்கு இந்தக் காட்டை எதற்குக் காட்ட வேண்டும்? 'பேசாமல்' என்பதற்கு அமைதி, மௌனம். 'விலையில்லாமல்' என்பதற்கு இலவசம். 'காரணமில்லாமல்' என்பதற்கு வீணாக. தனித்தனியாகக் கற்றுக்கொண்டால் குழப்பமே வராது. பழந்தமிழில் 'வாளா' என்று ஒரு நல்ல சொல் இருந்தது. வாளா இருந்தான் என்றால் பேசாதிருந்தான், வாளா போயிற்று என்றால் வீணாகப் போயிற்று. அது வழக்கொழிந்த இடத்தில் 'சும்மா' வந்து எல்லா நாற்காலியிலும் உட்கார்ந்துவிட்டது.

#4 கம்முனு ஒரு ஆள்

ஐயா, வார்டில் ஆயா குழந்தையிடம் "அமைதி" என்றா சொல்வார்? அந்த அக்கா காதில் விழுகிற தமிழ்தானே அவருக்கு வேண்டும்.

இன்னொன்று. எங்கள் பக்கம் 'கம்முனு இரு' என்போம். சத்தம் போடாதே என்று அர்த்தம். அதே கம்முனு, "கம்முனு அந்த வேலையிலயே இருந்திருக்கலாம்" என்று வரும்போது சத்தத்துக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. 'பேசாம' என்பதையும் பாருங்கள். "பேசாம பஸ்ஸுல போயிடலாம்" என்றால் பஸ்ஸில் வாய் மூடிக்கொண்டு போகவேண்டும் என்றா அர்த்தம்? மேற்கொண்டு யோசிக்காமல் போய்விடலாம் என்று அர்த்தம். அமைதியைக் குறிக்கிற சொல் எதை எடுத்தாலும் இந்தப் பக்கம் நகர்ந்துவிடுகிறது. ஏன் என்று எனக்குத் தெரியவில்லை.

#5 குடியாத்தத்து மகன்

இந்தச் சொல் எனக்கு வேறு மாதிரி. கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் அம்மா பீடி சுற்றுவார். ராத்திரியே இலையை நனைத்து ஈரச் சாக்கில் சுற்றி வைத்துவிடுவார். காலையில் எங்களுக்குச் சோறு கட்டிக் கொடுத்து அனுப்பியதும் தகட்டை இலைமேல் வைத்துக் கத்தரியால் வெட்ட ஆரம்பிப்பார். அப்புறம் முறம் மடிக்கு வரும். முறத்தில் ஒரு பக்கம் தூள், ஒரு பக்கம் வெட்டிய இலை, ஓரத்தில் நூல். இலையை இடது கையில் வைத்து, தூளைத் தூவி, கட்டைவிரலால் உருட்டி, வாயை மடித்து, நூலை இரண்டு சுற்று சுற்றி இழுப்பார். அந்த இழுப்பில் 'டக்' என்று ஒரு சத்தம் வரும். வீட்டில் பகல் முழுக்க அந்தச் சத்தம்தான். இருபத்தைந்து சேர்ந்தால் ஒரு கட்டு. சாயந்திரம் கம்பெனியில் கொண்டுபோய்ப் போட்டால், கழித்தது போக மிச்சத்துக்குக் காசு. பேச்சு ஒரு பக்கம் நடக்கும், கை ஒரு பக்கம் ஓடும். எண்ணிக்கை தவறவே தவறாது.

நான் எட்டாவது படிக்கும்போது கணக்கெடுக்க ஒருவர் வந்தார். வாசல்படியில் நின்று, அப்பா என்ன வேலை, பிள்ளைகள் எத்தனை, என்ன படிப்பு என்று எழுதிக்கொண்டார். கடைசியாக, "நீங்க என்னம்மா செய்றீங்க?" என்று கேட்டார். முறம் மடியில் இருக்கிறது. கை சுற்றிக்கொண்டே இருக்கிறது. அம்மா நிமிர்ந்து பார்த்து, "சும்மாதான் கீறேன் சார்" என்றார்.

அவரும் அப்படியே ஒரு கோடு போட்டுவிட்டுப் போனார். டக், டக் என்று சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது.

அம்மா பொய் சொல்லவில்லை. அவருக்கு அதுதான் பதில். ஆனால் அந்தத் தாளில் அம்மா என்ன என்று எழுதப்பட்டார் என்பதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் தொண்டை அடைக்கிறது. தொழிலின்றி என்று அகராதி சொல்வதாக எழுதியிருக்கிறீர்கள் ஐயா. அகராதி எங்கள் வீட்டு முறத்தைப் பார்த்ததில்லை.

#6 பேரணாம்பட்டு அக்கா

தம்பி, உங்கள் அம்மாவை நான் பார்த்தது போலவே இருக்கிறது. எங்கள் தெருவிலும் வரிசையாக எல்லா வாசலிலும் முறம்தான். ஒரு பெண் தன்னைப் பற்றிச் சொல்லும் 'சும்மா' வேறு, அவளைப் பற்றி மற்றவர்கள் சொல்லும் 'சும்மா' வேறு. "அவ வீட்ல சும்மாதானே இருக்கா" என்று மாமியார் வீட்டில் சொல்லும்போது அது கல் மாதிரி வந்து விழும். கவுண்ட்டர் தம்பி, அந்த அக்கா நோட்டில் யார் சொன்னது என்பதையும் பக்கத்தில் எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள். சொல்லை மட்டும் எழுதினால் பாதிதான் கிடைக்கும்.

#7 ஆரணிக்காரன்

#4-இல் கேட்ட 'ஏன்' என்பதற்கு என்னிடம் பாதி பதில் இருக்கிறது.

எங்கள் வீட்டில் பெரியவர்கள் மராத்தி பேசுவார்கள், ஜாகீர் காலத்தில் ஆரணிக்கு வந்து தங்கிப்போன குடும்பம். மராத்தியில் 'உகா' என்றால் பேசாமல். 'உகீச்' என்றால் காரணமில்லாமல், வீணாக. அடுத்த வீடு தெலுங்கு. அவர்கள் பிள்ளையை அடக்க 'ஊருகோ' என்பார்கள். எதற்கு வந்தாய் என்று கேட்டால் 'ஊரிகே' என்பார்கள். ஓசியில் கிடைத்ததற்கும் அதே ஊரிகேதான். கன்னடத்தில் 'சும்மனிரு' என்றால் பேசாதே, 'சும்மனே' என்றால் நம் சும்மா. மலையாளத்தில் 'சும்மா' அப்படியே இருக்கிறது. ஆக நாம் மட்டும் வாய் தவறிச் செய்த குழப்பம் இல்லை இது. சுற்றிலும் இத்தனை மொழிக்காரர்களும் பேசாமல் இருப்பதையும் காரணமில்லாமல் இருப்பதையும் ஒரே முடிச்சில் கட்டியிருக்கிறார்கள்.

எனக்குத் தோன்றுவது இது. காரணம் என்பது வாயால் சொல்கிற பொருள். "ஏன் வந்தே?" என்று கேட்டால் ஒன்றைச் சொல்ல வேண்டும். "சும்மா வந்தேன்" என்றால் அந்த இடத்தில் பேச்சை நிறுத்திக்கொள்கிறேன் என்று அர்த்தம். காரணம் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம், சொல்லவில்லை. சும்மா கொடுத்தேன் என்றால் விலையைப் பேசவில்லை. குடியாத்தத்து அம்மா சும்மாதான் இருக்கிறேன் என்றபோது வேலையைப் பேசவில்லை. அடிப்படை மௌனம்தான். எதைப் பற்றிய மௌனம் என்பதுதான் இடத்துக்கு இடம் மாறுகிறது.

கவுண்ட்டர் அண்ணா, ஒரு வரி கேட்டீர்கள். 'சொல்லாமல் விட்டது' என்று அக்காவிடம் சொல்லிப் பாருங்கள்.

#8 பழைய கரும்பலகை

குடியாத்தத்துத் தம்பிக்கு முதலில் ஒன்று சொல்ல வேண்டும். உங்கள் அம்மா பேச்சைப் படித்த பிறகு 'வீணாக' என்ற சொல்லை நான் போட்டதற்கு வருத்தப்படுகிறேன். அது பொருந்தாது.

ஆரணித் தம்பியின் கருத்து நன்றாக இருக்கிறது. ஆனால் எல்லா இடத்திலும் நிற்குமா என்று உரசிப் பார்க்க வேண்டும். "வண்டி சும்மா பறக்குது" என்கிறோம். இங்கே சொல்லாமல் விட்டது என்ன? "சும்மா சும்மா கேக்காதே" என்றால் திரும்பத் திரும்ப என்று பொருள். அங்கே மௌனத்துக்கு நேர் எதிராக அல்லவா இருக்கிறது?

#9 ஆரணிக்காரன்

"சும்மா சும்மா கேக்காதே" என்பதில் சிக்கல் இல்லை ஐயா. தக்க காரணம் சொல்லாமல் ஒவ்வொரு முறையும் கேட்கிறாய் என்றுதான் அதுவும் தொடங்குகிறது, அடுக்கி வந்ததால் 'அடிக்கடி' சேர்ந்துகொண்டது. "சும்மா பறக்குது" விஷயத்தில் நீங்கள் சொல்வது சரி. அதற்கு என்னிடம் பதில் இல்லை. தடையே இல்லாமல் என்று ஒரு பொருள் அதற்குள் இருக்கிறது. "சும்மா சாப்பிடுங்க, கூச்சப்படாதீங்க" என்கிறோமே, அந்தச் சும்மா.

#10 வள்ளிமலை வழி

இந்த இழையில் இது வராமல் போகக்கூடாது. அருணகிரிநாதரின் கந்தரநுபூதியில் 'சும்மா இரு சொல்லற என்றலுமே' என்ற அடி எல்லோருக்கும் தெரியும். அந்தப் பாட்டு எப்படித் தொடங்குகிறது என்று கவனித்திருக்கிறீர்களா? 'செம்மான் மகளைத் திருடும் திருடன்'. மான் ஈன்ற மகள் வள்ளி. அவள் தினைப்புனம் காத்த இடம் என்று நாங்கள் கும்பிடும் மலை பொன்னைக்குப் பக்கத்தில் எங்கள் ஊரில் இருக்கிறது. அருணகிரியார் திருவண்ணாமலைக்காரர். அந்த ஊரும் 1989 வரை வேலூரோடு சேர்ந்து வடார்க்காடு மாவட்டத்தில்தான் இருந்தது. தமிழில் பலரும் மேற்கோள் காட்டுகிற அந்தச் 'சும்மா இரு' நம் மண்ணின் பெண்ணை முன்னால் நிறுத்திக்கொண்டுதான் வருகிறது. சின்ன வயதில் மலைப்படி ஏறும்போது தாத்தா இதைச் சொல்லித்தான் ஏற்றுவார். எனக்கு மூச்சு வாங்கும், அவர் பாடிக்கொண்டே போவார்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். சும்மா என்றால் பேசாமல் என்று மட்டும் பொருளானால், 'சும்மா இரு' என்று சொன்ன பிறகு 'சொல் அற' என்று ஏன் சேர்க்க வேண்டும்? கந்தரநுபூதியில் சொல்லுக்குப் பஞ்சம் ஏற்பட்டு அளவு நிரப்ப வேண்டிய கவி அல்ல அவர். இங்கே சும்மா என்பது பேச்சைவிடப் பெரியதாக இருக்கிறது. உடம்பு, மனசு, வாய் எல்லாம் சேர்ந்த ஓய்வு. அதில் ஒரு பங்கு சொல் அறுவது. தாயுமானவரும் மதயானையை நடத்தலாம், கரடி புலி வாயைக் கட்டலாம் என்றெல்லாம் அடுக்கிக்கொண்டே போய், சிந்தையை அடக்கிச் சும்மா இருக்கும் திறம் அரிது என்று முடிக்கிறார். அங்கே அடக்கவேண்டியது சிந்தை, வாய் பற்றிப் பேச்சே இல்லை.

அதனால் ஆரணி அண்ணா சொன்ன 'சொல்லாமல் விட்டது' என்பதை நான் பாதிதான் ஒப்புக்கொள்வேன். சொல்ல எதுவும் மிச்சமில்லாத சும்மாவும் ஒன்று இருக்கிறது.

#11 அண்ணாமலை அடிவாரம்

ஒரு சேர்க்கை. ரமணர் 'சும்மா இரு' என்பதை வந்தவர்களிடம் எத்தனையோ முறை சொன்னவர். ஆனால் 1898-இல் அவரைப் பெற்ற தாய் மலைக்கு வந்து, வீட்டுக்குத் திரும்பி வரச் சொல்லி அழுதபோது அவர் எழுதிக் காட்டிய சீட்டில் அந்தச் சொல் இல்லை. 'மௌனமாய் இருக்கை நன்று' என்றுதான் முடித்தார். பெற்றவளிடம் 'சும்மா இரு' என்றால் அதட்டலாக விழும். நம் வீடுகளில் இன்றும் பெரியவர்களிடம் அப்படிச் சொல்வதில்லை. "சும்மா இருங்கம்மா" என்று இழைத்துத்தான் சொல்கிறோம், அதிலும் கொஞ்சம் செல்லம் இருந்தால்தான் பொருந்தும். அந்த வங்காளத்து அம்மாவிடம் இதை அவசியம் சொல்லுங்கள். தெரியாமல் வார்டில் யாராவது பெரியவரிடம் 'சும்மா இரு' என்று சொல்லிவிடப் போகிறார்.

#12 நேதாஜி மார்க்கெட் வாடிக்கை

கத்தரிக்காய் அம்மா என்று முதல் பதிவில் படித்ததும் இதை எழுதத் தோன்றியது. இலவம்பாடி முள்ளு கத்தரிக்காய்க் கூடையைத் தலையில் ஏற்றும் முன் பழைய புடவைத் துணியைச் சுருட்டி வட்டமாக வைப்பார்களே, அது சும்மாடு. பாரம் தலையை அழுத்தாமல் இருக்க நடுவில் வைக்கிற ஒன்று. சும்மா என்ற சொல்லும் அதிலிருந்து வந்திருக்குமோ?

#13 பழைய கரும்பலகை

இல்லை அம்மா. சும்மாடு சுமையிலிருந்து வருவது. ஒலி ஒற்றுமையை வைத்து வேர் சொல்லக்கூடாது.

#14 காந்தி ரோடு கவுண்ட்டர்

இவ்வளவு பேர் எழுதுவீர்கள் என்று நினைக்கவில்லை. நேற்றிரவு அக்காவை உட்காரவைத்து, எனக்குத் தெரிந்த இந்தியிலும் அரைகுறை வங்காளத்திலும் ஒவ்வொன்றாகச் சொன்னேன். பீடி சுற்றும் அம்மா கதையை இரண்டு தடவை சொல்லச் சொன்னார். 'யார் சொன்னது என்று எழுது' என்பதை உடனே பிடித்துக்கொண்டு பழைய பக்கத்துக்கெல்லாம் போய் ஆயா, செக்யூரிட்டி, கத்தரிக்காய் என்று எழுதினார்.

அப்புறம்தான் அந்தப் பக்கத்தின் முதல் வரியைக் காட்டினார். எல்லாவற்றுக்கும் முன்னால், முதல் மாதமே எழுதியது. அதற்கு எதிரே 'காரணம் இல்லை' என்று போட்டு அழுத்தி அடித்திருந்தார். யார் சொன்னது என்று கேட்டேன்.

வார்டில் பக்கத்துக் கட்டிலில் போளூர் பக்கத்துப் பையன் ஒருவன் இருந்திருக்கிறான். அவன் சரியாகி வீட்டுக்குப் போய்விட்டான். அடுத்த செவ்வாய்க்கிழமை அவனுடைய அம்மா மட்டும் வந்திருக்கிறார், ஒரு தூக்கில் ரசமும் நாலு கொய்யாவும் எடுத்துக்கொண்டு. மகனுக்கு மறுபடி காட்ட வந்திருக்கிறார் என்று நினைத்து அக்கா "டாக்டர்?" என்று கேட்டிருக்கிறார். அந்த அம்மா தலையை ஆட்டி, "சும்மா" என்றாராம். இரண்டு மணி நேரம் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்துவிட்டு பஸ்ஸுக்குப் போய்விட்டார். அதற்கடுத்த செவ்வாயும் வந்தார். அப்போதும் "சும்மாதான்". ஆயாவிடம் அர்த்தம் கேட்டதற்கு 'காரணம் இல்லை' என்று இந்தியில் சொல்லியிருக்கிறார். எழுதி வைத்துக்கொண்டு, அன்று ராத்திரியே அடித்துவிட்டாராம். "காரணம் இல்லாமல் அவ்வளவு தூரம் யாராவது பஸ்ஸில் வருவாங்களா தம்பி?" என்று கேட்டார்.

ஆரணி அண்ணா சொன்னதை மறுபடி சொன்னேன். சொல்லாமல் விட்டது. அதை எழுதிக்கொண்டார், அடிக்கவில்லை.

இப்போது ஒரு கேள்வி. அந்த அம்மா இரண்டு செவ்வாயாக வரவில்லை. இவரிடம் அவருடைய போன் நம்பர் இருக்கிறது. பேச ஆசை, ஆனால் தைரியம் வரவில்லை. எடுத்ததும் "என்ன விஷயம்?" என்று கேட்டால் என்ன சொல்வது என்கிறார். விஷயம் எதுவும் இல்லையாம்.

#15 பேரணாம்பட்டு அக்கா

இதற்கு ஏன் யோசிக்க வேண்டும்? "சும்மாதான் பண்ணேன்" என்று சொல்லச் சொல்லுங்கள். 'தான்' விட்டுப்போகக் கூடாது. "சும்மா பண்ணேன்" என்றால் எதிரில் இருப்பவர் இன்னும் ஏதோ வரப்போகிறது என்று காத்திருப்பார், கடன் கேட்கப்போகிறார்களோ என்றுகூட நினைக்கலாம். 'தான்' போட்டுவிட்டால் அவ்வளவுதான், நிம்மதியாகப் பேச ஆரம்பிப்பார்கள்.

#16 குடியாத்தத்து மகன்

முன்னால் ஒரு 'அக்கா' சேர்த்துக்கொள்ளட்டும். "அக்கா, சும்மாதான் பண்ணேன்."

#17 காந்தி ரோடு கவுண்ட்டர்

கவுண்ட்டரில் நின்று பத்துத் தடவை சொல்லிப் பழகினார். 'ஷும்மா' என்றுதான் வருகிறது, அவர்கள் நாக்குக்கு அப்படித்தான். நானும் திருத்தவில்லை. அப்புறம் மாடிப்படியில் போய் உட்கார்ந்து போன் செய்தார். கால் மணி நேரத்துக்கு மேல் பேசினார். பாதி தமிழ், பாதி வங்காளம், அந்தப் பக்கம் என்ன புரிந்தது என்று எனக்குத் தெரியாது.

திரும்பி வந்து சொன்னார். போளூரில் நடவு நேரமாம், அதனால்தான் வரமுடியவில்லையாம். இந்த வாரம் முடிந்துவிடும், செவ்வாய்க்கிழமை வருகிறாராம்.